எண்ணூற்றுப் பன்னிரண்டாவது இழை

பள்ளிபாளையத்தில் ஆற்றுக்குப் போகிற வழியில், கடைசிக்கு முந்தின வளைவில் இருக்கிற நடுத்தறித் தெருவில், ராத்திரி கரண்ட் போனால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். மற்ற ஊர்களில் சத்தம் கேட்டுத்தான் தூக்கம் கலையும். இந்தத் தெருவிலோ அறுபத்து மூன்று வீடுகளில் நானூறு விசைத்தறிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் அடித்துக்கொண்டே கிடக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், குறட்டை விட்டார்கள், செத்தும் போனார்கள். என்றைக்காவது தறிகள் நின்று தெரு அமைதியாகிவிட்டால், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, கரண்ட் வருகிறவரை வீட்டுக்கு வீடு சத்தம் போட்டு விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட தெருவுக்கு இருபத்தேழு வருசத்துக்கு முன்னால் பூவாயி மருமகளாக வந்தாள். அவள் ஊர் கொல்லிமலை அடிவாரம், காரவள்ளிக்குப் பக்கம். அங்கே ராத்திரியில் ஒரு பலாப்பழம் விழுந்தால் நாலு தோட்டம் தாண்டிக் கேட்கும். அங்கே வளர்ந்தவளைக் கொண்டுவந்து, எட்டுத் தறி ஓடுகிற கொட்டகையோடு ஒட்டுச்சுவர் வைத்த அறையில் படுக்கச் சொன்னால் பாவம் அவள் என்ன செய்வாள்? கல்யாணமான முதல் ராத்திரியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தாள். பக்கத்தில் அர்த்தநாரி வாயைத் திறந்துகொண்டு சுகமாகத் தூங்கினார்.

அர்த்தநாரி கெட்ட மனுசர் இல்லை. பெண்டாட்டி தூங்கவில்லையே என்று காதில் வைக்கப் பஞ்சு வாங்கித் தந்தார், இலவம்பஞ்சு மெத்தை தைத்துத் தந்தார், சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர் எழுப்பினார், ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் ரெண்டு நாள் தங்கவைத்தார். ஏற்காட்டில் அவள் தூங்கினாள், இவர் முழித்துக்கொண்டிருந்தார். எல்லாம் செய்தாரே தவிர, ஒரே ஒரு ராத்திரி தறியை நிறுத்துங்களேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், தறி நின்றால் நான் எப்படித் தூங்குவது என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் கேட்டது எத்தனை தடவை என்று அவருக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, பந்தல் பிரித்து, பாத்திரங்களைத் திருப்பி அனுப்பிய மறுநாள் காலையில், பூவாயி தன் தலையணையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, கண்ணீர்கூட இல்லை. “நான் தம்பி ஊட்டுக்குப் போயிக் கொஞ்சம் தூங்கிட்டு வர்றேனுங்க” என்றாள். அந்தக் கொஞ்சம் ஒன்றரை வருசமாகியும் முடியவில்லை.

அர்த்தநாரியும் அவளைத் தேடிப் போய்ப் பார்த்தார். மைத்துனன் காளியண்ணன் வீட்டில் கோழி அடித்துப் போட்டார்கள், கட்டிலில் புது விரிப்பு விரித்தார்கள், ஆனால் விளக்கணைத்ததும் அந்த மலையடிவாரத்து அமைதி வந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று ராத்திரி தன் இதயம் அடிப்பதையே கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, நாலாம் ராத்திரி செல்போனில் பதிந்துகொண்டு வந்திருந்த தறிச் சத்தத்தைத் தலைமாட்டில் ஓடவிட்டார். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, நாய்கள் மலை வரைக்கும் குரைத்தன, காளியண்ணன் அரிவாளோடு எழுந்துவிட்டான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் அர்த்தநாரி ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பியும் தூக்கம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. எட்டுத் தறியும் ஓடின, தெருவே அதிர்ந்தது, அவர் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தான் தூங்கும்போது பக்கத்தில் ஒருத்தி விழித்திருக்கிறாள் என்கிற தைரியத்தில்தான் இத்தனை வருசம் தூங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. அவள் திரும்பி வரவேண்டும், ஒரே வீட்டில் ஒரே ராத்திரியில் ரெண்டு பேரும் தூங்கவேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை. அதற்கு என்ன வழி என்றுதான் தெரியவில்லை.

அந்த வருசம் ஆனி மாதத்தில் அவர் ஒரு பழைய தறியைக் கழித்துவிட்டு ஜப்பான் தறி ஒன்றை வாங்கிப்போட்டார். அங்கே ஏதோ ஒரு மில்லை மூடுகிறபோது கழற்றி ஏற்றி அனுப்பியது, கப்பலில் தூத்துக்குடி வந்து, லாரியில் பள்ளிபாளையம் வந்தது. வந்த தறியில் பாவு அப்படியே இருந்தது, அதாவது நெடுக்கு நூல்கள் உருளையில் சுற்றியபடியே, இழை கலையாமல், தும்பைப்பூ வெள்ளையில் இரண்டாயிரத்து நானூறு. யாரோ தூரதேசத்தில் நெய்துகொண்டே இருந்து பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். நல்ல பாவை அறுத்துப் போடுவது நெசவுக்காரனுக்கு ஆகாத காரியம் என்பதால், அர்த்தநாரி விட்ட இடத்திலிருந்தே ஓட்டச் சொல்லிவிட்டார். தறியும் மற்ற தறிகளைப் போலவே பகலெல்லாம் ஓடியது, ராவெல்லாம் ஓடியது, யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆடிக்காற்று அடித்து டிரான்ஸ்பார்மர் மேல் புளியமரம் சாய்ந்த அன்றைக்குத்தான் அது பாடியது. கரண்ட் போய், நானூறு தறியும் நின்று, தெரு முழுக்க எழுந்து உட்கார்ந்திருந்த ராத்திரி பத்து மணிக்கு, அர்த்தநாரியின் கொட்டகையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. முதலில் தம்புராவைத் தாழ்த்தி மீட்டியதுபோல ஒன்று, அதற்கு மேல் மெத்தென்று ஒரு தாளம், அதற்கும் மேல் புரியாத மொழியில், அவசரமே இல்லாத ஒரு குரல். அர்த்தநாரி டார்ச்சோடு போய்ப் பார்த்தார். ஜப்பான் தறியின் பாவு இழைகள் இரண்டாயிரத்து நானூறும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன, பாட்டு அதிலிருந்துதான் வந்தது. தறியில் இழை அறுந்திருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அறவில்லை என்றதும் நிம்மதியாகி, நூல் மூட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டில் தூங்கிப்போனார்.

மரத்தை அறுத்து எடுத்துக் கம்பியை இழுத்துக் கட்ட மூன்று நாளாயிற்று. மூன்று ராத்திரியும் அது பாடியது, மூன்று ராத்திரியும் தெரு தூங்கியது. நாலாம் நாள் காலையில் கரண்ட் வந்தபோது ஆண்களும் பெண்களும் வாசலில் நின்று சோம்பல் முறித்துக்கொண்டு, இத்தனை வருசமாகத் தாங்கள் செய்தது தூக்கமே இல்லை, வெறுமனே அசந்து விழுந்துதான் கிடந்திருக்கிறோம் என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். அன்று ராத்திரி தறிகள் ஓட, பாட்டு வரவில்லை. அர்த்தநாரி பாவில் காதை வைத்தே கேட்டுப் பார்த்தார். சத்தத்துக்கு நடுவில் பாட அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று, குறுக்கு நூலுக்குத் தார் சுற்றுகிற மரகதம் சொன்னாள். தெருவில் யாரும் அதை மறுக்கவில்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரைக்கும் தெருவில் ஒரு தறியும் ஓடக்கூடாது என்று முடிவானது. கூலிக்கு நெய்கிறவர்கள் துணி குறையுமே என்றார்கள், குறைந்தால் குறையட்டும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். துணி எடுக்கிற ஈரோட்டு வியாபாரி சேதி கேட்டுக் கார் போட்டுக்கொண்டு கோபமாக வந்து, கொட்டகை வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுத்தபோது மணி பத்தாகிவிட்டது. காலையில் அவரை ரெண்டு பேர் உலுக்கித்தான் எழுப்பவேண்டியிருந்தது. முகம் கழுவிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை கணக்குப் பார்க்கிற சாக்கில் ராத்திரி ஒன்பதரைக்கு வர ஆரம்பித்தார்.

அந்தப் பாட்டெல்லாம் என்ன பாட்டு என்று கண்டுபிடித்தவள் மரகதத்தின் மகள் கனிஷ்கா. காலேஜில் படிக்கிறவள், செல்போனில் ஜப்பான் பொம்மைப் படங்களாகப் பார்த்துப் பார்த்து அந்த பாஷையில் பாதி தெரிந்துவைத்திருந்தாள். இவையெல்லாம் ராத்திரியில் கேட்பதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் கட்டிய சினிமா அல்லாத பாட்டுகள் என்றும், கடலோர ரோட்டில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களும், வேலை முடிந்து பதினாலாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்களும் கேட்பார்கள் என்றும் சொன்னாள். ஒன்றில் மழை பெய்கிறது, ஒன்றில் கடைசி ரயில் போய்விடுகிறது, ஒன்றில் ஒருத்தி போன் அடிக்கும் அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது அடிக்கவே மாட்டேன் என்கிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்று மரகதம் கேட்டாள். அப்புறம் ஒன்றும் ஆகாது, பாட்டு முடிந்துவிடும் என்றாள் மகள். ஒன்றும் ஆகாவிட்டால் அதையேன் பாடுகிறாள் என்று தார் சுற்றுகிற பெண்கள் ரெண்டு நாள் அதைப் பற்றியே பேசினார்கள்.

பேசிப் பேசிப் பாட்டுகளுக்குப் பேர் வைத்தார்கள். மழைப் பாட்டு, ரயில் பாட்டு, போன் வராதவ பாட்டு, கோவிச்சுக்கிட்டுப் போறவ பாட்டு. ராவெல்லாம் கடை திறந்து டீ போட்ட ராசப்பனுக்கு யாவாரம் படுத்துவிட்டது என்று வருத்தம். அவன் ஒன்பது மணிக்குச் சூடாகப் பனங்கற்கண்டுப் பால் விற்க ஆரம்பித்ததும் அந்த வருத்தமும் போயிற்று. கனிஷ்கா சொல்லிக்கொடுத்து, படுக்கப் போகும்போது அந்த பாஷையில் ‘நல்லாத் தூங்கு’ என்பதற்கான ‘ஒயாசுமி’ என்று சொல்கிற வழக்கம் முதலில் பிள்ளைகளுக்கு வந்தது, பிறகு பெரியவர்களுக்கு வந்தது, கடைசியில் கோயில் நடை சாத்துகிற பூசாரி அம்மனுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கைத் தணித்தார். ஆடிப் பண்டிகைக்கு வந்த மைக்செட்காரன் பத்து மணிக்கு மேல் பாட்டுப் போட்டபோது தெருவே திரண்டு போய், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு, அணைக்கச் சொல்லிக் கேட்டது.

எல்லாரும் தூங்கினார்கள். அர்த்தநாரியும் தூங்கினார், ஆனால் விடியற்காலையில் விழிப்பு வந்து பக்கத்தில் தடவிப் பார்த்தால் மெத்தை காலியாக இருந்தது. இப்போது இந்தத் தெருவில் பூவாயி தூங்கலாம் என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். போன் செய்தார். தறியெல்லாம் ராத்திரி நின்றுபோச்சு என்றார். ஏற்காட்டுக்குப் போகிற வழியிலும் இப்படித்தான், இனி உனக்குத் தூக்கம் வந்துவிடும் என்றீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். பாட்டைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போனில் சொன்னால் அது பொய் மாதிரியே இருக்கும் என்று நினைத்தார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, ஊருக்கு வாயில்லையா? சேதி பஸ் ஏறிப் போயிற்று. பள்ளிபாளையத்தில் ஏறும்போது அர்த்தநாரி வீட்டுத் தறி பாடுகிறது என்றிருந்தது. திருச்செங்கோட்டில் இறங்கி ஏறும்போது அர்த்தநாரி கொட்டகையில் ஒரு பொம்பளைக் குரல் பாடுகிறது என்றானது. ராசிபுரத்தில் அது வெளிநாட்டுக்காரி ஆனாள், சேந்தமங்கலத்தில் அவளுக்கு வயசு முப்பது ஆனது, காரவள்ளிக்கு வந்து சேரும்போது, அர்த்தநாரி ஒரு ஜப்பான்காரியைக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அவள் தினமும் ராத்திரி பத்து மணிக்குப் பாடுகிறாள், அவள் பாட்டுக்காகத் தெருவே தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று முழுசாகப் பூவாயி காதில் விழுந்தது. அதில் கடைசியாகச் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

இதற்குள் இங்கே வேறொரு கஷ்டம் வந்துவிட்டது. பாவு தீர்ந்துகொண்டிருந்தது. பகலில் அந்தத் தறியை ஓட்டுவதையே அர்த்தநாரி நிறுத்திவிட்டார். ஆனாலும் ஒரு ராத்திரி பாட்டுக்கு நாலு விரற்கடை பாவு தானாகவே நகர்ந்து, துணியாகாமல், எங்கோ போயிற்று. பழைய பாவு தீர்வதற்குள் புதுப் பாவின் இழைகளை அதன் முனைகளோடு ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைக்கவேண்டும், அது எல்லாத் தறிக்கும் உள்ளதுதான். துணிக்கு என்றால் பத்து இழை மாறினாலும் ஒன்றும் குடிமுழுகாது. இந்தத் தறியில் முன்பு ஒரு நாள் ஒரே ஒரு இழை அறுந்து, அர்த்தநாரி தன் தடித்த விரலால் அதை முடிந்துவைத்ததில், அன்றைக்கு ரயில் பாட்டுக்கு விடிய விடிய விக்கல் எடுத்தது. இரண்டாயிரத்து நானூறையும் ஒன்றுக்கு ஒன்று தப்பாமல் பிணைக்கிற கை அந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது, அது ஒன்றரை வருசத்துக்கு முன்னால் தலையணையோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

மலையடிவாரத்தில் வளர்ந்தவள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டதே ராத்திரிகளில்தான். தூக்கம் வராதவள் வேறு என்ன செய்வாள், கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே பாவு பிணைத்துப் பிணைத்து, தெருவில் அவளைப்போல ஆளில்லை என்றாகிவிட்டாள். போய்க் கூட்டிக்கொண்டு வருவோம் என்று தெருவில் எல்லாரும் கிளம்பினார்கள். மரகதம் பஸ்ஸுக்குப் பையைக்கூட எடுத்துவிட்டாள். அர்த்தநாரி கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். அவள் வந்தால் தூங்குவதற்காக வரட்டும், நம் வேலைக்காக அவளை இழுத்துவர மாட்டேன் என்றார். பாவு இன்னும் ஒரே ராத்திரிக்குத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே பூவாயி வந்து இறங்கினாள். ஒரு கக்கத்தில் தலையணை, பின்னால் காளியண்ணன், அவன் முகத்தில் சண்டைக்கு வந்தவனுக்குரிய பெரிய மீசை. தெரு மொத்தமும் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பொம்பளை எங்கே என்று பூவாயி கேட்டாள். அர்த்தநாரி தறியைக் காட்டினார். அவள் தறியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காளியண்ணனைப் பார்த்தாள், பிறகு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து, பாடட்டும் பார்க்கலாம் என்றாள்.

மணி பத்து ஆனது. தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு கொட்டகையாகத் தறிகள் நின்றுகொண்டே வந்தன. எண்பது நின்றது, நூறு நின்றது, இருநூறு நின்றது, கடைசியில் அர்த்தநாரியின் தறிகளும் நின்றன, பூவாயி இருபத்தாறு வருசத்தில் முதல்முறையாக, கரண்ட் போகிற ராத்திரிகளின் கூச்சல்கூட இல்லாமல், அந்தத் தெருவின் அமைதியைக் கேட்டாள். பின்னால் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. இந்தத் தெருவில் ஆறு கேட்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. அப்புறம் பாவு அதிர்ந்தது, போன் வராதவ பாட்டு வந்தது, குரல் தேய்ந்துபோய், கடைசி நூலில் தொங்கிக்கொண்டு வந்தது. அவள் அதை முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு அவள் பேசியது தறியிடம் இல்லை.

“பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. நான் அதுக்கு வருத்தப்படல. இருவத்தாறு வருசம் நான் கேட்டேன், ஒரு ராத்திரி நிறுத்தினீங்களா? எங்கியோ கடலுக்கு அக்கட்டயிருந்து ஒருத்தி வந்து பாடினா ஒரு தெருவே நிறுத்துது. எனக்குப் பாடத் தெரியலீங்க, கேக்கத்தான் தெரிஞ்சுது.”

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் தறி ஓடியதுதானே, அவர்களும் ஒரு நாள் நிறுத்தியதில்லையே. அர்த்தநாரி இத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த ஒரு வார்த்தையும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

“நிறுத்தியிருக்கோணும், பூவா” என்றார். “தப்பு என்ற மேலதான். பாவு தீந்து பாட்டு போனாப் போகட்டும். இனிமே என்ற எட்டுத் தறியும் ராத்திரி ஓடாது. நான் தூங்காட்டிப் பரவால்ல.”

“மத்த முன்னூத்தித் தொண்ணூத்திரெண்டு?” என்றாள் பூவாயி.

அவர் வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பூவாயி எழுந்து, தறியின் பின்பக்கம் போய், மிச்சமிருக்கிற பாவை விரலால் அளந்து பார்த்தாள். ஒரு விரற்கடைதான் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புதுப் பாவை எடுத்துவந்து மாட்டச் சொன்னாள், காளியண்ணனை மீசையைத் தடவிக்கொண்டு நிற்காமல் உருளையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள், எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். யாரும் போகவில்லை. பாட்டும் இல்லை, தறியும் ஓடவில்லை என்றால் அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள்? தெருவில் அங்கங்கே உட்கார்ந்து, இருமல் வந்தவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, காத்திருந்தார்கள்.

ஒன்று, ரெண்டு, மூன்று என்று பூவாயி எண்ணத் தொடங்கினாள். பழைய இழையின் முனையை இடது கையில் பிடித்து, புது இழையை அதோடு சேர்த்து, ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. அர்த்தநாரி விளக்கைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். நூறு வந்தது, இருநூறு வந்தது, நானூறில் அவள் குரல் தணிந்தது, அறுநூறில் எண்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. தறிச் சத்தம் இல்லாத அந்தக் கொட்டகையில், ஆறு மட்டும் கேட்கிற அந்த அமைதியில், அவள் கண்கள் இருபத்தாறு வருசத்துக் கடனைக் கேட்டுக்கொண்டு நின்றன. “எண்ணூத்திப் பன்னெண்டு” என்றாள். எண்ணூற்றுப் பதிமூன்று வரவில்லை. கையில் இழையைப் பிடித்தபடியே, தறிச்சட்டத்தில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு பூவாயி தூங்கிவிட்டாள்.

அர்த்தநாரி அசையவில்லை. தன் வீட்டில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. ஏற்காட்டிலும் இருட்டாக இருந்தது. இப்போது விளக்கு வெளிச்சத்தில், நரைத்த முடி நெற்றியில் விழ, அவள் தூங்குகிற முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது, சத்தம் போடாமல் அழுதார். பிறகு அவள் விரல்களிலிருந்து இழையை மெதுவாக விடுவித்து, அவளை மூட்டைகளின் மேல் சாய்த்து, அவள் கொண்டுவந்த தலையணையைத் தலைக்கு அடியில் வைத்துவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். மனசுக்குள் எண்ணிக்கொண்டார், எண்ணூற்றுப் பதிமூன்று. ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. அறுந்துபோயிற்று. மறுபடியும் முறுக்கினார்.

இன்னும் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு இழை இருந்தது. பிணைத்ததில் பத்துக்கு மூன்று அறுந்தது, மூன்றுக்கு ஒன்று இடம் மாறியது, மாறியது தெரிந்தும் சிலதைப் பிரிக்க முடியவில்லை. கண் எரிந்தது, முதுகு ஒடிந்தது, விரல் நுனி வீங்கியது. மூட்டையில் படுத்திருந்தவள் ஒரு தடவை புரண்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தி தூங்க ஒருத்தர் விழித்திருப்பது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்துக்கொண்டார். கிழக்கே வெளுக்கிற நேரத்தில் இரண்டாயிரத்து நானூறு முடிந்தது.

பாவு அதிர்ந்தது. புதுப் பாட்டு, தெரு அதுவரை கேட்டிராதது. பழைய குரல்தான், ஆனால் தெம்பாக, பளிச்சென்று, மடிப்புக் கலையாத சேலை மாதிரி ஒரே சீராக வந்தது. அந்தப் புரியாத மொழிக்கு நடுவில் அங்கங்கே நூறு, இருநூறு என்று தமிழில் எண்கள் கேட்டன. எண்ணூத்திப் பன்னெண்டு என்று தெளிவாகப் பாடிவிட்டு, ஒரு மூச்சு விடுகிற அளவுக்குப் பாட்டு நின்றது. அதற்கப்புறம் வந்தது குரலே இல்லை. தாளம் ஒரு பக்கம் இழுக்க, சுருதி இன்னொரு பக்கம் இழுக்க, கட்டைத் தொண்டையில் ஓர் ஆம்பளை முனகுவதுபோல விக்கி விக்கி, அறுந்து, மறுபடியும் ஆரம்பித்து, கடைசிவரைக்கும் போராடிப் பாடி முடித்தது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. மரகதம் மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி குலுங்கினாள்.

மணி ஐந்தானது. தறி ஓட்டவேண்டிய நேரம். அர்த்தநாரி வாசலுக்கு வந்து நின்றார். ஒவ்வொருவராக வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டி, மூட்டையின் மேல் தூங்குகிறவளைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஐந்தரை ஆனது, ஏழு ஆனது, ஒன்பது ஆனது. நானூறு தறிகளில் ஒன்றுகூட ஓடவில்லை. ராசப்பன் பாய்லரில் ஆவி சீறக்கூடாது என்று அடுப்பே பற்றவைக்கவில்லை. காளியண்ணன் தெருமுனையில் நின்றுகொண்டு, உள்ளே வரப்பார்த்த நூல் லாரியை மீசையைக் காட்டியே திருப்பி அனுப்பினான்.

பதினோரு மணிக்குப் பூவாயி கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் அவளுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் தலையணையின் தையல் பதிந்திருந்தது. எதிரில் அர்த்தநாரி சிவந்த கண்ணோடு, வீங்கிய விரலை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பாட்டு வந்துதுங்களா?”

“வந்துச்சு.”

“நல்லா இருந்துதா?”

“எண்ணூத்திப் பன்னெண்டு வரைக்கும்” என்றார் அர்த்தநாரி.